ஆற்றங்கரைக் குழாய்க்கு ஏழாவது பதில்

— நிறுத்து, நிறுத்து. ‘இனிஷியேட்’னு டைப் பண்ணிட்டியா? பேப்பரை உருவிடு ரத்னா. வேற பேப்பர் போடு.

— ஏன் சார்? இப்பதானே நீங்க சொன்னீங்க, ‘ஆக்‌ஷன் ஹாஸ் பீன் இனிஷியேட்டட்’னு?

— சொன்னேன், வாய் தவறிடுத்து. இதே பொம்மனாட்டிக்கு எழுபத்திரண்டுல அந்த வார்த்தை போயாச்சு. ஒரே மனுதாரருக்கு ஒரே வார்த்தை ரெண்டு தடவை போகப்படாது. நான் இந்தக் குடிநீர் செக்‌ஷனுக்கு சூப்பரிண்டெண்டா வந்த நாள்லேர்ந்து அதான் வழக்கம். ஃபைலைத் திறந்து என்னென்ன போயிருக்குன்னு பாருன்னு சனிக்கிழமையே உன்கிட்ட சொன்னேனா இல்லையா?

— பாத்தேன் சார். எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். சார், அதுக்கு முன்னால, அந்த அம்மாவே வந்திருக்காங்க. வாசல்ல நிக்காங்க.

— எந்த அம்மா?

— சொர்ணம். அடையாத்தங்கரை சொர்ணம். இப்ப நாம பதில் எழுதுற மனுவே அவங்க மனுதான்.

— நான்தான் சார் அது. உள்ள வரட்டா? ஒரே ஒரு விசயம், சொல்ட்டு போயிடறேன்.

— தெரியும்மா, தெரியும். தண்ணி இல்லை, குழாய் வரலை, ரோட்டைத் தாண்டிப் போய் பங்களாக்காரா கிட்ட கெஞ்ச வேண்டியிருக்கு. ஏழு மனுவும் படிச்சவன் நான். உனக்குப் பதில்தான் இப்போ டைப் ஆயிண்டிருக்கு. அந்த பெஞ்சுல உக்காரு.

— அது இல்ல சார், நான் இன்னாத்துக்கு வந்தேன்னா...

— உக்காருன்னேன். ஆபீஸ்னா ஒரு முறை இருக்கு. ரத்னா, என்னென்ன போயிருக்கு? படி.

— முதல் பதில் ‘இனிஷியேட்’. ரெண்டாவது ‘கமென்ஸ்’. மூணாவது ‘செட் இன் மோஷன்’. நாலாவது ‘இன்ஸ்டிட்யூட்’. அஞ்சாவது ‘லாஞ்ச்’. போன வருஷக் கடைசியில ‘ஆக்டிவேட்’.

— பாத்தியா? ஆறு பதில், ஆறு வார்த்தை. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில லிஸ்ட் இருக்கு, பாரு. இருபத்தோரு வார்த்தை. லைப்ரரில உக்காந்து நானே சேத்தது. மீதி என்ன இருக்கு?

— ‘ஒரிஜினேட்’.

— வேண்டாம். யார் ஒரிஜினேட் பண்ணினான்னு கேப்பா.

— ‘இனாகுரேட்’.

— அதுக்கு ரிப்பன் வெட்ட மந்திரி வரணும்.

— ‘ட்ரிகர்’.

— நன்னாயிருக்கு! குழாய் கேட்டவாளைத் துப்பாக்கியால சுடவா போறோம்?

— பேசாம ‘ஸ்டார்ட்’னு போட்டுருவோமா சார்?

— ஸ்டார்ட்டா? அது பஸ் கண்டக்டர் விசில் ஊதறச்சே சொல்றது. கவர்மெண்ட் லெட்டர்ல ஸ்டார்ட்னு எழுதினா மானம் போயிடும். உனக்கு இந்த ஆபீஸ்ல அஞ்சு மாசம் சர்வீஸ், அதனால சொல்றேன், கேட்டுக்கோ. அறுபத்தெட்டுல எனக்கு மேல இருந்த ஆபீசர், நான் ஒரு பதில்ல போட்ட வார்த்தைக்குச் சிவப்பு மசியால வட்டம் போட்டார். போன வருஷத்துப் பதில்ல அதே வார்த்தை, அதுக்கும் ஒரு வட்டம். ‘ரெண்டு வருஷமா ஒரே இடத்துல நிக்கிறீரா?’ன்னு பக்கத்துல எழுதிட்டார். செக்‌ஷன் முழுக்கச் சிரிச்சுது. அன்னிக்கு முடிவு பண்ணினேன், என் பதில்ல வார்த்தை திரும்ப வராது.

— வேலை நடந்துச்சான்னு அவரு கேக்கலையா சார்?

— அது என்ஜினீயரைக் கேக்க வேண்டிய கேள்வி.

— இன்னா சார், நீங்க ரெண்டு பேரும் பேசறது எனக்கு அரைகொறையாத்தான் புரியுது. இந்த ஆறு காயிதத்துலயும் வேற வேற சேதியா எழுதியிருந்தது?

— வேற சேதி இல்லைம்மா. வேற வேற தோரணை. ‘கமென்ஸ்’னா ஒரு கம்பீரம். ‘லாஞ்ச்’னா கப்பல் கடல்ல இறங்கற மாதிரி. உனக்கு யார் படிச்சுச் சொன்னா?

— சைக்கிள் கடை உமர் ஃபாரூக் பாய்தான். எங்க பேட்டையில இங்கிலீஸ் படிக்கத் தெரிஞ்சவரு அவரு ஒர்த்தர்தான். ஆறு தபாவும் கண்ணாடிய மாட்டிக்கினு படிச்சுட்டு ஒண்ணேதான் சொன்னாரு. ‘ஆரம்பிச்சுட்டாங்களாம் சொர்ணம்.’

— ஆறுக்கும் அதேவா?

— ஆறுக்கும்.

— ஒரு வித்தியாசம் கூட சொல்லலியா அந்த மனுஷன்?

— அஞ்சாவது தபா மட்டும் சொன்னாரு, ‘இந்த தபா கொஞ்சம் பலமா ஆரம்பிச்சுருக்காங்க’ன்னு. நாங்களும் நம்பி வாசல்ல கோலம் போட்டு வச்சோம். இன்னாத்த சொல்ல.

— சார், ஒண்ணு கேக்கட்டுமா?

— வார்த்தையைப் பத்தின்னா கேளு ரத்னா.

— ஃபைலைப் பத்தி. பழைய வார்த்தை தேடி ஒவ்வொரு பக்கமாப் புரட்டும்போது, நாப்பத்தேழாம் பக்கத்துல ஒரு சாங்‌ஷன் ஆர்டர் இருந்துச்சு. ரெண்டு வெள்ளைத்தாளுக்குப் பின்னால மடிஞ்சு ஒட்டியிருந்துச்சு. அதை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்கன்னு நினைச்சேன்.

— மெல்லப் பேசு.

— பாக்கலைதானே சார்?

— பாத்திருக்கேன்.

— எப்ப சார்?

— எப்பவோ. நீ டைப் பண்ணு. ‘வித் ரெஃபரன்ஸ் டு யுவர் பெட்டிஷன்’...

— சாங்சன்னா இன்னா கண்ணு? நீ சொல்லு. அவரு சொல்ல மாட்டாரு.

— ரத்னா, நீ வாயைத் திறக்கப்படாது.

— உத்தரவு அம்மா. உங்க இடத்துல குழாய் போடலாம்னு மேலிடம் குடுத்த உத்தரவு. மெயின்லயிருந்து நூத்திருபது அடி பைப்பு, ரெண்டு தெருக்குழாய், அதுக்கு ஒதுக்கின பணம், எல்லாம் அதுலயே எழுதியிருக்கு. மேல ஒரு தாள் வச்சு குழாய் டிப்போவுக்கு அனுப்பினா போதும். அவங்க வந்து தோண்டிருவாங்க.

— அவ்ளோதானா? ஒரு தாளா?

— ஒரே ஒரு தாள்.

— எப்ப குடுத்த உத்தரவு அது?

— எழுபத்திரண்டு, ஆகஸ்ட்டு மாசம்.

— இரு கண்ணு, இரு. இப்ப எழுபத்தஞ்சு. எங்க தேவானை வியுந்தது எழுபத்தி மூணு, மாசி மாசம். என் மருமவ சார். ஏழு மாசம் அவளுக்கு. காலங்காத்தால ரெண்டு குடத்தைத் தூக்கிக்கினு ரோட்டைத் தாண்டறா, பாலத்துமேல பஸ்ஸு வருது, பயந்து ஓடினா, தடுக்கிக்கினா. புள்ள தங்கல. அப்புறமும் தங்கல. அதைக் கூட மனுவுல எழுதச் சொன்னேன் பாய்கிட்ட. அப்போ அவ வியுந்தப்ப இந்தக் காயிதம் இங்கதான் இருந்துதா?

— அம்மா, நீ கொஞ்சம்...

— இருந்துதா இல்லியா? அதைச் சொல்லு சார்.

— இருந்தது.

— அந்த மனுவ நீ படிச்சியா?

— படிச்சேன். அன்னிக்கு ஆத்துக்குப் போயி சாப்பாடு இறங்கலை எனக்கு.

— சாப்பாடு எறங்கல! கேட்டியா கண்ணு? சரி, அதுக்கு இன்னா பதில் எழுதினாரு? நீ அந்த ஃபைலைப் பாத்துச் சொல்லு.

— மூணாவது பதில் அது. ‘தி மேட்டர் ஹாஸ் பீன் செட் இன் மோஷன்.’

— அப்டின்னா?

— விஷயம் நகர ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

— இன்னா நகந்துது? எங்க நகந்துது? நாப்பத்தேழாம் பக்கத்துல வெள்ளத்தாளு ஒட்டி மடிச்சு வச்சுக்கினு, நகந்துதுன்னு எனக்கு எழுதினியா சார் நீ?

— கத்தாதேம்மா! பக்கத்து செக்‌ஷன்லேர்ந்து எட்டிப் பாக்கறா. நீங்க ரெண்டு பேரும் நினைக்கற மாதிரி நான் ராட்சசன் இல்லை. முதல் பதில் நிஜம், தெரியுமா? ‘இனிஷியேட்’னு எழுதினேன், இனிஷியேட்டும் பண்ணினேன். வெயில்ல உங்க கரை முழுக்க நானே நடந்து பாத்தேன். எஸ்டிமேட் போட வச்சேன், மேலே அனுப்பினேன், நாலு தடவை போய் நச்சரிச்சேன். அந்த உத்தரவை வாங்கினதே நான்தான்.

— அப்புறம் ஏன் சார் அனுப்பலை?

— அது வந்தப்போ நான் லீவுல இருந்தேன் ரத்னா. மூத்தவ கல்யாணம், மாட வீதியில சத்திரம் பிடிச்சு நாலு நாள். என் இடத்துல உக்காந்தவன் உத்தரவை ஃபைல்ல கோத்துட்டு, யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம மாத்தல்ல போயிட்டான். நான் பாக்கறச்சே நாலு மாசம் ஆயிடுத்து.

— நாலு மாசந்தானே சார்!

— நாலு மாசந்தானேங்கறே. அப்போ அனுப்பினா முதல் கேள்வி என்ன வரும்? ‘நாலு மாசம் என்ன பண்ணிண்டிருந்தீர்?’ மெமோ. அடுத்த வாரம் அனுப்பலாம்னு வச்சேன். அது ஆறு மாசமாச்சு. ஆறு மாசம் கழிச்சு அனுப்பறது நாலு மாசத்தை விடக் கஷ்டம். வருஷம் ஆச்சு, அதைவிடக் கஷ்டம். நடுவில இந்தம்மா மனு வந்துண்டே இருந்தது. பதில் போடாம இருக்க முடியுமோ? பதில் போயிட்டா ஃபைல் முடிஞ்சதாக் கணக்கு, மறுபடியும் அலமாரிக்குப் போயிடும். அதுல யாரும் பக்கம் புரட்டிப் பாக்கறதில்லை. நீதான் புரட்டினே.

— வார்த்தை தேடச் சொன்னதே நீங்கதான் சார்.

— ஆமாம், என் தலையெழுத்து.

— சார், அந்த உத்தரவு மூணு வருஷ பட்ஜெட்டுக்குத்தான் செல்லும். இந்த மார்ச் முப்பத்தொண்ணோட முடியுது. அதுலயே எழுதியிருக்கு.

— எனக்குத் தெரியாதா? இன்னிக்கு வியாழன். நாளைக்கு குட் ஃப்ரைடே, லீவு. திங்கக்கிழமை முப்பத்தொண்ணு. அதோட அந்தக் காகிதம் தானாச் செத்துடும், யார் மேலயும் பழி இல்லை. ஏப்ரல் ஒண்ணாந்தேதி புது எஸ்டிமேட் போடறேன். சத்தியமாச் சொல்றேன் அம்மா, என் குழந்தைகள் மேல ஆணை, ஒரே வருஷத்துல உனக்குக் குழாய் வந்துடும். அதுக்குத்தான் இந்த ஏழாவது பதில்.

— ஒரு வருசம்.

— மூணு வருஷம் பொறுத்தவா, ஒரு வருஷம் பொறுக்கக் கூடாதா?

— பொறுத்தது உன் ஊட்டுப் பொண்ணா சார்? நீ எந்த வாயால இதைக் கேக்கறே? வெய்யக் காலம் வந்தா பங்களாக்காரன் குழாய்க்குப் பூட்டு போட்டுடறான். நாயை அவுத்து விடறான். எங்க பொம்பளைங்க வெளிச்சம் வரதுக்கு முந்தி போயி, பூட்டாத ஊடு எதுன்னு திருடிங்க மாதிரி பாத்துக்கினு நிக்கறாங்க. ஒரு தாளு! ஒரே ஒரு தாளு! பொறுமையைப் பத்தி நீ எங்களுக்குச் சொல்றியா?

— எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு. அந்தத் தாள் இப்போ வெளியில போனா, மூணு வருஷம் எங்கே இருந்ததுன்னு விசாரணை வரும். பென்ஷனை நிறுத்தி வச்சுடுவா. ஆத்துல இன்னும் ஒரு பொண்ணு நிக்கறா கல்யாணத்துக்கு. நானும் மனுஷன்தானே? ரத்னா, டைப் பண்ணு. ‘ஆக்சுவேட்’. அது இன்னும் போகலை. ‘தி ப்ராசஸ் ஹாஸ் பீன் ஆக்சுவேட்டட்.’

— டைப் பண்ண மாட்டேன் சார்.

— என்ன சொன்னே?

— மாட்டேன்னேன். எனக்கு இது தெரியாம இருந்தா இன்னும் நூறு லெட்டர் அடிச்சுக் குடுத்திருப்பேன். இப்ப இந்த அம்மா முன்னால உக்காந்திருக்காங்க. இவங்க முகத்தைப் பாத்துக்கிட்டே நான் அதை அடிக்கணுமா?

— உனக்கு இன்னும் ப்ரொபேஷன் முடியலை. நினைவிருக்கட்டும். ஒரு மெமோ குடுத்தா நீ ஆத்துக்குப் போக வேண்டியதுதான்.

— குடுங்க சார். எங்கப்பா பாண்டி பஜார் ஜவுளிக்கடையில இருபது வருஷமா நின்னுக்கிட்டே துணி கிழிக்காரு. என் மக நாற்காலியில உக்காந்து வேலை பாக்கான்னு திருநெல்வேலி வரைக்கும் சொல்லி வச்சிருக்காரு. போய்ச் சொல்லுதேன், நாற்காலி போயிருச்சுப்பா, ஏன் போச்சுன்னு கேளுங்கன்னு. அவரு என்னை ஏசமாட்டாரு.

— பெரிய வீராங்கனை! எழுந்திரு. நகரு. மெஷினை இப்படித் திருப்பு. நானே டைப் பண்ணிக்கறேன். முப்பத்திரண்டு வருஷம் முன்னாடி நானும் டைப்பிஸ்டாத்தான் சேந்தேன்.

— வேண்டாம் சார். அந்த லெட்டரை நீங்க அனுப்பாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.

— உன்னை யாரும் கேக்கலை. கார்பன் எங்கே? இந்தம்மா, நீ ஏன் இன்னும் நிக்கறே? தபால்ல வரும், போ. போன்னா போக மாட்டேங்கறே, வந்ததுலேர்ந்து ஏதோ சொல்லணும் சொல்லணும்னு நிக்கறே. உனக்கு இன்னிக்கு என்னதான் வேணும் என்கிட்ட?

— ஒண்ணும் வேணாம் சார். நான் இன்னிக்கு எதையும் கேக்க வர்ல.

— பின்னே?

— காலைல எங்க பேட்டைக்கு ஏழு ஆளுங்க வந்தாங்க. கடப்பாறை, மம்மட்டி, ஒரு வண்டி நெறயப் பைப்பு. யாருய்யா நீங்க, குடிசையக் காலி பண்ண வந்தீங்களான்னு நாங்க சண்டைக்குப் போனோம். மேஸ்திரி சண்முகவேலுன்னு ஒர்த்தர், காயிதத்தை எடுத்துக் காட்டினாரு. பாய் படிச்சாரு. கீழ உன் கையெய்த்து சார். கோதண்டபாணின்னு.

— என்ன உளர்றே! என் கையெழுத்தா? ரத்னா, என்ன இது?

— உங்க கையெழுத்துதான் சார். சனிக்கிழமை அந்த உத்தரவைப் பாத்ததும், நீங்க அதைப் பாக்காம விட்டுருப்பீங்கன்னு நினைச்சு மேல ஒரு தாள் அடிச்சு வச்சேன். கையெழுத்துப் பேடுல போன திங்கக்கிழமை நாப்பத்திரண்டு லெட்டர் இருந்துச்சு. நடுவுல அதுவும் இருந்துச்சு. நீங்க காப்பி குடிச்சுக்கிட்டே எல்லாத்துலயும் கையெழுத்து போட்டுட்டீங்க. ஒண்ணைக் கூடப் படிக்கலை. பாத்தா சந்தோஷப்படுவீங்கன்னுதான் சார் வச்சேன், சத்தியமா. உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

— தோண்ட ஆரம்பிச்சுட்டாளா?

— பாதி தோண்டியாச்சு. பேட்டையே கூடி நிக்குது. தேவானை கூட வெளிய வந்து நிக்கறா. இத்தினி வருசம் கழிச்சு நம்ம மனுவப் படிச்சு ஒரு மனுசன் கையெய்த்து போட்டுக்கீறாரு, போயி அவரைக் கும்புட்டுட்டு வான்னு எல்லாருமா சேந்து என்னை அனுப்பினாங்க. அடையாத்துலேந்து மயிலாப்பூரு வரைக்கும் உன் பேரு மறந்துடக் கூடாதுன்னு சொல்லிக்கினே நடந்து வந்தேன். இப்போ உன் முன்னாடி நிக்கறேன். கும்புடக் கை வர மாட்டேங்குது சார்.